முதுகுப்பை நிறையப் பெயர்கள்

ஏதென்ஸ்,
24 பிப்ரவரி 1986

அன்புள்ள அம்மாவுக்கு,

அரெத்தி எழுதுகிறேன். இங்கே நான், தானாசிஸ், குழந்தை ரோதா மூவரும் சுகமாக இருக்கிறோம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது, கலோநேரியில் குளிர் விட்டதா, எழுது. தானாசிஸ் உன்னை மிகவும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

வீட்டு விஷயமாகத்தான் இந்தக் கடிதம். இயராபெத்ரா ஹோட்டல்காரர் மறுபடியும் கேட்டிருக்கிறார். வீடு, கடலைப் பார்த்த நான்கு வாடகை அறைகள், பின்னால் இருக்கிற எலுமிச்சை மரங்கள் எல்லாம் சேர்த்து நல்ல விலை தருகிறாராம். ஈஸ்டருக்குள் கையெழுத்து வேண்டுமாம். அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. ஐம்பத்தாறு வயதில், கோடை முழுக்க ஊர் பேர் தெரியாதவர்களின் படுக்கை விரிப்பைத் துவைத்துக்கொண்டு தனியாக எதற்கு அங்கே? விற்றுவிட்டு இங்கே வா. பெரிய வீடாகப் பார்க்கலாம். நான் ஆபீஸ் விட்டு வரும்வரை ரோதாவைப் பார்த்துக்கொள்ள நீ இருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி!

இந்த முறை சாக்குப்போக்குச் சொல்லாதே. சம்மதம் என்று ஒரு வரி எழுது, போதும்.

உன் மகள்,
அரெத்தி


கலோநேரி, கிரீட்,
4 மார்ச்

என் கண்ணான அரெத்திக்கு,

உன் கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். முட்டி மழைக்கு முன்னால் மட்டும் முனகுகிறது, மற்ற நேரம் வாயை மூடிக்கொண்டு கிடக்கிறது. மாப்பிள்ளையையும் குழந்தையையும் விசாரித்ததாகச் சொல்.

நீ கேட்ட அந்த ஒரு வரியை ஈஸ்டர் அன்று சொல்கிறேன். அதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை இருக்கிறது.

போன வாரம் மூன்றாம் நம்பர் அறையைக் கழுவும்போது, கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த டச்சுக்காரியின் முதுகுப்பையை இழுத்தேன். ஞாபகம் இருக்கிறதா, ஆரஞ்சு நிறத்தில், அலுமினியச் சட்டம் வைத்தது? வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போனவள்தான், இரண்டு கோடை போய்விட்டது. உள்ளே ஒரு தகரக் கோப்பை, சுருட்டுகிற பாய், தீவின் வரைபடம். பதினைந்து வருடமாக இந்த முதுகுப்பைக் கூட்டத்தைப் பார்க்கிறேன். என் படிக்கட்டில் உட்கார்ந்து தக்காளியும் டப்பா மீனும் தின்பார்கள். மொட்டைமாடியில் படுத்தால் பாதி வாடகைதானே என்று பேரம் பேசுவார்கள். ஒரே மாதத்தில் தீவு முழுக்கச் சுற்றிவிட்டு வந்து, மேற்குக் கோடியைப் பார்த்திருக்கிறாயா என்று என்னிடம் கேட்பார்கள். ஆமாம் என்றும் இல்லை என்றும் புரியாதபடி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். அரெத்தி, நான் இயராபெத்ரா ஆஸ்பத்திரியைப் பார்த்திருக்கிறேன். உன்னைக் கப்பலேற்ற இராக்லியோன் துறைமுகத்தைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான். தீவை விட்டுத்தான் போக வேண்டும் என்றால், ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

பெரிய நோன்பு தொடங்கிய மறுநாள் கிளம்புகிறேன். கணக்குப் போட்டுத்தான் நாள் குறித்தேன். ஈஸ்டர் வரைக்கும் இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. வறட்டு ரொட்டி, ஆலிவ், வழியோரத்துக் கீரை, இதற்கு என்ன செலவு ஆகிவிடும்? கிழக்கே போய், வடக்குக் கரையோடு மேற்குக்கு நடந்து, தெற்கு வழியாக வீடு திரும்புவேன். இராக்லியோன், ஹன்யா, அயியா கலினி தபால் நிலையங்களுக்கு என் பெயர் போட்டு எழுது, போய் வாங்கிக்கொள்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் அப்படித்தான் வாங்குகிறார்கள். தொலைபேசி வேண்டாம். காபிக்கடையில் நின்று பேசினால் ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்.

ரோதாவுக்கு முத்தம்.

உன் அம்மா,
ரோதாந்தி


ஏதென்ஸ்,
11 மார்ச்

அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கிறேன். தானாசிஸும் விசாரித்தார்.

விளையாடுகிறாயா? தலையிலிருந்து கால் வரை கறுப்பு உடுத்திய விதவை, முதுகில் ஆரஞ்சுப் பை! பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? மகள் வீட்டை விற்றுத் தாயைத் தெருவில் விட்டுவிட்டாள் என்பார்கள். உன் பக்கத்து வீட்டு அக்லயா அத்தை இதைக் கேட்டால் ஒரு வருடத்துக்கு அவல் மெல்லுவாள். சுற்றித்தான் பார்க்க வேண்டும் என்றால் விற்ற பணத்தில் ஒரு நல்ல பஸ்ஸில் போகலாமே. எல்லோரும் அப்படித்தானே போகிறார்கள்.

நீ கிளம்பத்தான் போகிறாய், எனக்குத் தெரியும். முட்டிக்குக் கம்பளி கட்டிக்கொள். செருப்பு வேண்டாம், அப்பாவின் பூட்ஸைப் போட்டுக்கொள்.

அரெத்தி


சீத்தியா,
25 மார்ச்

என் அரெத்திக்கு,

கடல்காற்றில் கறுத்துப்போய், கொப்புளம் வெடித்து, ஆனால் ஆரோக்கியமாக இருக்கிற உன் அம்மா எழுதுகிறேன். அப்பாவின் பூட்ஸ் இரண்டு காலுறை போட்டால் சரியாக இருக்கிறது. நீங்கள் எல்லோரும் எப்படி?

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். திட்டாதே. திட்டுவாய், பரவாயில்லை.

நான்காம் நாள், சாக்ரோஸ் போகும் மலைப்பாதையில் எனக்குத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அவரைக் காட்டில் ஒரு பெண்பிள்ளை வேலை செய்துகொண்டிருந்தாள், மருலியா என்று பேர். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து கையைப் பிடித்து நிழலில் உட்காரவைத்தாள். பச்சை அவரைக்கொட்டை, ஆலிவ், ரொட்டி, ஒரு மிடறு ரக்கிச் சாராயம். நம் வழக்கப்படி வயிறு நிறையும்வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிறைந்த பிறகு, எங்கே போகிறேன் என்று கேட்டாள். நான் வாய் நிறைய அவரையை வைத்துக்கொண்டு, மேற்குக் கோடிக்கு என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். "மேற்கு மாதாவுக்கா! கடவுளே, அவ்ளோ தூரம் நடந்தேவா? யாருக்காக வேண்டிக்கிட்டீங்க?" என்றாள்.

யோசித்துப் பார், அரெத்தி. இந்தத் தீவில் கறுப்பு உடுத்திய ஒருத்தி, நோன்பு நாளில், மூட்டையோடு மலைப்பாதையில் கால்நடையாகப் போனால் அது வேண்டுதல் நடையைத் தவிர வேறு என்னவாக இருக்க முடியும்? நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஊர் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் வீட்டுக்கு ஓடி ஒரு மெழுகுவர்த்தியும் ஒரு பெயர்ச் சீட்டும் கொண்டுவந்துவிட்டாள். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு பக்கம், போனவர்களுக்கு ஒரு பக்கம். மேற்குக் கோடி மாதா மடத்துப் பாதிரியாரிடம் கொடுத்துப் படிக்கவைக்க வேண்டுமாம். "என் பையனுக்கு இருபது வயசு, இன்னும் வலிப்பு வருது. என்னால அவ்ளோ தூரம் போக முடியாதும்மா," என்றாள். அப்புறம் எங்கே நான் உண்மையைச் சொல்வது?

அவள் அடுத்த ஊருக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். அங்கே எனக்காகக் கட்டில் விரித்து வைத்திருந்தார்கள். இப்போது பையில் பதினேழு சீட்டு, ஒரு கட்டு மெழுகுவர்த்தி. இன்று மங்கள வார்த்தைத் திருநாள் என்று தட்டு நிறைய உப்புக் கருவாட்டு வறுவலும் பூண்டுக் கூழும் வைத்தார்கள். ஒரு வாரத்தில் நான் செலவு செய்தது தபால்தலைக்கும் ஒரு ஜோடிக் காலுறைக்கும் மட்டும்.

ரோதாவுக்குச் சொல், அவளுக்குப் பெயர் தந்த பாட்டி கிழக்குக் கோடிவரை பார்த்துவிட்டாள்.

அம்மா


ஏதென்ஸ்,
31 மார்ச்

அம்மாவுக்கு,

நானும் ரோதாவும் சுகம். உன் கால் கொப்புளத்துக்கு மருந்து போடு.

இலவசச் சோற்றுக்கு மாதாவையே சாட்சிக்கு இழுத்துவிட்டாய். சிறு வயதில் நான் ஒரு எலுமிச்சம்பழம் திருடியதற்கு என்னை அந்த வீட்டு வாசலில் நிற்கவைத்து மன்னிப்புக் கேட்கவைத்தவள் நீ. இப்போது மலை மலையாக ஏமாற்றிக்கொண்டு போகிறாய். அடுத்த ஊரிலாவது உண்மையைச் சொல். அவமானமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஹோட்டல்காரர் மறுபடி கேட்டார். சீக்கிரம் முடிவு சொல், அம்மா. எனக்கு இங்கே நாட்கள் போவது கஷ்டமாக இருக்கிறது. வேலை அதிகம், அதனால்தான்.

அரெத்தி


இராக்லியோன்,
5 ஏப்ரல்

மகளே,

உன் கடிதத்தை இங்கே தபால் நிலையத்தில் வாங்கினேன். எனக்கு முன்னால் எட்டு வெளிநாட்டுப் பிள்ளைகள், எல்லோர் முதுகிலும் பை, நடுவில் நான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் இரண்டு முறை என்னைப் பார்த்துவிட்டு, "அம்மா, பேரன் பையா?" என்றான். என் பைதான் என்றேன். நன்றாக இருக்கிறேன், கொப்புளம் காய்ந்துவிட்டது.

நீ சொன்னதற்காக ஒரு ஊரில் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். நேயாபோலியைத் தாண்டி, ஒரு மாவுமில்லுக்காரர் வீட்டில். எனக்கு வேண்டுதல் எதுவும் கிடையாது, தீவைச் சுற்றிப் பார்க்கத்தான் கிளம்பினேன் என்று பட்டென்று சொல்லிவிட்டேன். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த அம்மாள் என் கையைத் தட்டிக்கொடுத்து, வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாதுதான், சொன்னால் பலிக்காது என்று எனக்கே சமாதானம் சொல்லி, ஆறு பெயர் எழுதின சீட்டை நீட்டினாள். இனி நான் என்ன செய்வது, நீயே சொல். சுமந்துகொண்டு போய்ச் சேர்ப்பதுதான் வழி. முன்னே எனக்குத் தோன்றிய இடத்தில் திரும்பிவிடலாம் என்று இருந்தேன். இப்போது மேற்குக் கோடிக்குப் போகாமல் வீட்டுக்கு வர முடியாது.

பட்டணத்தில் யாரும் கட்டில் விரிக்கவில்லை. இளைஞர் விடுதியில் மொட்டைமாடிதான் மலிவு என்றார்கள், நம் வீட்டு வழக்கம்தானே என்று ஏறிவிட்டேன். இடப்பக்கம் இரண்டு ஜெர்மன்காரிகள், வலப்பக்கம் சுவீடன்காரன். நான் பறித்து வந்த கீரையை அவர்கள் அடுப்பில் வேகவைத்து எல்லோருக்கும் கொடுத்தேன். அவர்கள் என் குதிகாலுக்குப் பிளாஸ்திரி ஒட்டினார்கள். ரொட்டிக்கடை சாத்துகிற நேரத்துக்குப் போனால் பாதி விலை என்று எனக்கே பாடம் நடத்துகிறார்கள். சிரித்து வயிறு வலித்தது, அரெத்தி. அப்பா போன பிறகு நான் இப்படிச் சிரித்ததே இல்லை.

இந்த முறை உன் கடிதத்தில் மாப்பிள்ளை என்னை விசாரிக்கவில்லை. அவருக்கும் வேலை அதிகமோ?

நீயும் ஒரு சீட்டு அனுப்பு. ஊரார் பெயரையெல்லாம் சுமக்கிறேன், என் வீட்டுப் பெயர் மட்டும் பையில் இல்லை. ஹன்யாவுக்குப் போடு.

அம்மா


ஏதென்ஸ்,
10 ஏப்ரல்

அம்மாவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். தானாசிஸுக்கும் வேலை அதிகம்தான்.

சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். போனவர்கள் பக்கம் அப்பா சிஃபிஸ். இன்னொரு பக்கம் ரோதாந்தி, அரெத்தி, ரோதாந்தி. ஒரே பெயர்க்காரிகளான பாட்டியையும் பேத்தியையும் பாதிரியார் ஒரே ஆள் என்று விட்டுவிடப் போகிறார், இரண்டு முறை படிக்கச் சொல்.

ஒன்று கேட்க வேண்டும் என்று தோன்றியது. அப்பா போன பிறகு, சாப்பாட்டு மேஜையில் எத்தனை நாள் இரண்டு தட்டு வைத்தாய்? சும்மாதான் கேட்கிறேன்.

அரெத்தி


பாலியோஹோரா,
17 ஏப்ரல்

என் பெண்ணே,

உடம்பு நன்றாக இருக்கிறது, கால் இரும்பாகிவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

முந்தாநாள் போய்ச் சேர்ந்தேன். பாறை உச்சியில் வெள்ளை மடம், அதற்கு அப்பால் வெறும் கடல்தான். நூற்றுப் பன்னிரண்டு பெயர். எல்லாச் சீட்டையும் மேஜையில் கொட்டியதும் அங்கிருந்த கன்னியாஸ்திரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என் வயதுதான் இருக்கும், கை முழுக்க மாவு. பாதிரியார் வயலிலிருந்து வருவதற்குள் பிரித்து வைக்கலாம் என்று இருவரும் உட்கார்ந்தோம். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எனக்கு வேண்டுதலே கிடையாது, டச்சுக்காரி பை, மொட்டைமாடி, ஒன்று விடாமல். அவள் சிரித்தாள். "ஊரு சுத்த வந்தவ இத்தனை பேரை முதுகுல வச்சு ஏத்திருக்க. உனக்குன்னு ஒண்ணு கேட்டுக்கோ, சுமந்த கூலி," என்றாள். கேட்டுக்கொண்டேன். என்ன என்று இப்போது சொல்ல மாட்டேன்.

நம் சீட்டு கடைசியில் வந்தது. அவள் வாய்விட்டுப் படித்துவிட்டு, "மகளுக்குக் கல்யாணம் ஆகலையா?" என்று கேட்டாள். ஆகிவிட்டது என்றேன். அவள் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். "புருஷன் பேரு இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்லையே. மறந்துட்டா போலிருக்கு. எந்தப் பக்கம் எழுதட்டும்?" என்றாள்.

எழுதினவளுக்குத் தெரியும், இருக்கிறபடியே இருக்கட்டும் என்றேன். அவள் சீட்டை மற்றவற்றோடு அடுக்கினாள். பாதிரியார் வந்து எல்லாப் பெயரையும் படித்தார். மருலியாவின் மகன் பெயரை நான் மூன்று முறை படிக்கவைத்தேன். ரோதாந்தியை இரண்டு முறை படித்தார்.

தட்டைப் பற்றிக் கேட்டாய். ஆறு மாதம் வைத்தேன். சாப்பிட்ட பிறகு சுத்தமான தட்டையும் சேர்த்துக் கழுவுவேன். ஒருநாள் ஒரு பிரெஞ்சுக்காரி பசியோடு வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அன்றோடு அது அப்பாவின் தட்டாக இல்லாமல் வருகிறவர்களின் தட்டு ஆகிவிட்டது.

வீட்டைப் பற்றி ஈஸ்டருக்குச் சொல்கிறேன் என்றேன், சொல்வேன். ஆனால் விற்கச் சொல்வது யார் என்று எனக்குத் தெரிய வேண்டும், அரெத்தி. மாப்பிள்ளையா, நீயா? நீ என்றால், எதற்காக? கையெழுத்துப் போட்டுவிட்ட பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்? அயியா கலினிக்கு எழுது. உடனே எழுது.

அம்மா


அயியா கலினி,
23 ஏப்ரல்

அரெத்தி,

உன் கடிதம் இல்லை. நேற்று மாலை கேட்டேன், இன்று காலை கேட்டேன், தபால்காரன் பையைக் கவிழ்த்தே காட்டிவிட்டான். வழியில் படகு, மலை, பள்ளம் எல்லாம் பார்த்தேன், எதுவும் மனதில் நிற்கவில்லை. குழந்தைக்கு ஏதாவது உடம்பா? நான் கடுமையாக எழுதிவிட்டேனா? இனி நடக்கப் போவதில்லை, கையில் மிச்சம் இருப்பதில் பஸ்ஸுக்குக் கொடுத்துச் சனிக்கிழமை வீட்டில் இருப்பேன். வீட்டுக்கே எழுது. இரண்டு வார்த்தை எழுதினாலும் போதும்.

அம்மா


ஏதென்ஸ்,
23 ஏப்ரல்

அம்மா,

ரோதா நன்றாக இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ பயந்துகொண்டிருப்பாய்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மூன்று நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். அயியா கலினிக்கு இனி போய்ச் சேராது, அதனால் வீட்டுக்கே விரைவுத் தபாலில் போடுகிறேன்.

தானாசிஸ் போய்விட்டார். ஜனவரியில், ரோதாவின் பள்ளி திறப்பதற்கு முந்தின நாள். தெஸ்ஸலோனிக்கியில் வேறு ஒருத்தியோடு இருக்கிறார், திரும்பி வர மாட்டார். உன்னை விசாரித்தார் என்று நான் எழுதியது எல்லாம் பொய். அப்படி எழுதிக்கொண்டே உன்னை ஏமாற்றுக்காரி என்றேன். சீட்டில் அவர் பெயரை எழுத ஆரம்பித்தேன், அம்மா. மாதாவிடம் போகிற காகிதம் என்றதும் எழுத முடியவில்லை.

விற்கச் சொன்னது நான்தான். அவருக்கு இதில் ஒன்றும் இல்லை. நீ இங்கே வந்துவிட்டால் நான் அங்கே வர வேண்டியதில்லை, அதுதான் காரணம். நீ தனியாக எதற்கு அங்கே என்று எழுதினேனே, தனியாக இருக்க முடியாதது எனக்குத்தான். ஆனால் புருஷன் விட்டுவிட்டுப் போனவளாகக் கலோநேரியில் பஸ்ஸை விட்டு இறங்க என்னால் ஆகாது என்று நினைத்தேன். இங்கே யாரும் கேட்பதில்லை. மூன்றாம் மாடியில் இருப்பவளுக்கு என் பெயர்கூடத் தெரியாது. கேட்காமல் இருப்பது ஆரம்பத்தில் நன்றாக இருந்தது. இப்போது சாயங்காலம் ரோதா மூன்று தட்டு வைக்கிறாள், நான் ஒன்றும் சொல்லாமல் மூன்றையும் கழுவுகிறேன்.

நீ சம்மதம் என்று எழுதியிருந்தால் உன் வீட்டை என் வெட்கத்துக்காக விற்றிருப்பேன். என்னை மன்னித்துவிடு.

அரெத்தி


கலோநேரி,
26 ஏப்ரல், சனிக்கிழமை

என் தங்கமே,

மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கினேன், தபால்காரர் உன் கடிதத்தோடு வாசலிலேயே நின்றார். பையைக்கூடக் கழற்றாமல் படித்தேன். பிறகு பையோடு உட்கார்ந்து அழுதேன். இப்போது முகம் கழுவிவிட்டு எழுதுகிறேன். நான் சுகம். நீயும் சுகமாகிவிடுவாய்.

மடத்தில் கூலியாக என்ன கேட்டேன் என்று சொல்கிறேன். என் மகள் வாயால் உண்மை வர வேண்டும் என்று கேட்டேன். மாதா எட்டே நாளில் எழுதவைத்துவிட்டாள்.

நீ கேட்ட அந்த ஒரு வரி இதோ: விற்கப் போவதில்லை. வரும்வழியில் இயராபெத்ராவில் இறங்கி ஹோட்டல்காரரைப் பார்க்கலாம் என்றிருந்தேன், பஸ் ஜன்னலில் இருந்தே அவர் ஹோட்டலுக்குக் கையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். மூன்றாம் நம்பர் அறையின் பலகையைக் கழற்றி அடுப்படியில் வைத்திருக்கிறேன். அது இனி வாடகைக்கு இல்லை. அங்கிருந்து பார்த்தால் கடல், கதவுக்கு வெளியே எலுமிச்சை. நீயும் குழந்தையும் வாருங்கள். இது தயவு அல்ல. உனக்கு இங்கிலீஷும் ஜெர்மனும் தெரியும், நான் பதினைந்து வருடமாகக் கையை ஆட்டி ஆட்டித்தான் வாடகை பேசுகிறேன். எனக்கு ஆள் வேண்டும்.

ஊர் பேசும். பேசாது என்று உன் காதில் பூச்சுற்ற மாட்டேன். என்னைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். அக்லயா வந்து ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டுப் போனாள். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது, டச்சுக்காரியோடு ஓடிவிட்டாள், வீடு ஏலத்துக்குப் போகிறது. மூன்று வாரம் பேசினார்களாம், அப்புறம் மழை பிந்தியதும் அவரையைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு மடத்து எண்ணெய் ஒரு சொட்டுக் கிடைக்குமா என்று அக்லயாவே கேட்டாள். உன் விஷயத்தையும் பேசுவார்கள். பக்கத்தில் நான் நிற்பேன்.

இதையும் விரைவுத் தபாலில் போடுகிறேன், புதன்கிழமைக் கப்பலைப் பிடித்தால் வியாழன் காலை இராக்லியோன். மேல்தளச் சீட்டே போதும், கம்பளி எடுத்துக்கொள். மற்றதெல்லாம் இங்கே இருக்கிறது. வியாழன் ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் போடுவேன், ரோதா சாயம் போடப் பாதியை வெள்ளையாகவே வைத்திருப்பேன்.

இன்னொன்று. வேண்டுதல் பலித்தால் திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும். அடுத்த நோன்புக்கு நாம் மூன்று பேரும் போகிறோம். இன்னொரு பை தேட வேண்டும்.

மேஜையில் மூன்று தட்டு வைத்திருக்கிறேன். மூன்றும் ஆள் இருக்கிற தட்டு.

உன் அம்மா,
ரோதாந்தி


இராக்லியோன் துறைமுகம்,
1 மே, வியாழன்

அம்மா,

வந்துவிட்டோம். இரண்டு பேரும் சுகம். ரோதா சூட்கேஸ் மேல் உட்கார்ந்து எள் ரொட்டி தின்கிறாள். மே தினம் என்று பஸ் மத்தியானம்தான், அதுவரை என்ன செய்வது என்று உனக்குக் கடிதம் எழுதுகிறேன். இந்த இரண்டு மாதத்தில் பழகிவிட்டது. பெட்டியில் போடுவேன், ஆனால் தபால் நிலையம் பண்டிகை முடிந்துதான் திறக்கும். நான் வந்து பல நாள் கழித்துத்தான் இது வந்து சேரும், இருவரும் சேர்ந்தே பிரிக்கலாம்.

நேற்றுக் கப்பலில் மேல்தளத்தில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள், ரெதிம்னோ பக்கம். சாப்பாட்டு மூட்டையை அவிழ்த்து எங்களுக்கும் வைத்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியும். "யாரோட பொண்ணும்மா நீ? வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டாள்.

கலோநேரி ரோதாந்தியின் மகள் என்றேன். பிறகு, "அவர் எங்களை விட்டுட்டுப் போயிட்டார். நாங்க அம்மா வீட்டுக்குப் போறோம்," என்றேன். நான்கு மாதத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன், அம்மா.

அவள் ஒரு ஆரஞ்சை உரித்து, பாதியை ரோதாவிடமும் பாதியை என்னிடமும் கொடுத்தாள். கடற்காற்றில் குழந்தைக்குக் காது வலிக்கும், துணியைக் கட்டு என்றாள். அவ்வளவுதான். வேறு ஒன்றுமே நடக்கவில்லை. இதற்கா நான் உன் வீட்டை விற்கப் பார்த்தேன்?

பஸ் வந்துவிட்டது. டிரைவர் பெட்டியை ஏற்றிக்கொண்டே எங்கே என்று கேட்கிறார். வீட்டுக்கு என்று ரோதா சொல்கிறாள்.

அரெத்தி